மூன்றாவது அடி

விசிலை வாயில் வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் என் வாழ்நாளில் உருப்படியாக யோசித்ததெல்லாம் அப்படித்தான்.

கூடைப்பந்து நடுவர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, விதிப்புத்தகம் உங்கள் கையில் இருக்கிறது. அதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. நானும் அதை யாரிடமும் போய்ப் படித்தவன் இல்லை. எனக்குப் பகலெல்லாம் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. போகவரப் பேருந்தில் உட்கார்ந்து, இங்கிலீஷ் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, நானாகவே எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டேன். அந்தக் காலத்தில் ஜார்ஜ்டவுன் ஆடுகளங்களில் விசில் ஊதிய தமிழன் என்னைத் தவிர வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தெரியாது. சீனப் பெரியவர்கள்கூட என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள். திட்டும்போதும் அண்ணேதான். "அண்ணே, கண்ணை ரிப்பேருக்குக் கொடுத்திட்டியா?" என்பார்கள். மரியாதையோடு திட்டு வாங்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஒரு சாயங்காலத்தைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். எண்பதுகளின் கடைசி. அது நிஜமாகவே நடந்ததா என்று எனக்கே சில நேரம் சந்தேகம் வரும். நினைத்துப் பார்த்தால் வெயில் தண்ணீருக்குள் விழுந்த மாதிரி அசைகிறது. ஆட்கள் எல்லாரும் கொஞ்சம் மிதந்துகொண்டே நடக்கிறார்கள். ஆனால் அன்று ஊதிய விசிலின் சத்தம் மட்டும் இப்போதும் அப்படியே காதில் இருக்கிறது.

எங்கள் கூடைப்பந்துச் சங்கத்துக்கு ஒரு தவுக்கே புரவலராக இருந்தார். கருவாடும் மிளகாயும் மொத்த வியாபாரம் செய்யும் சீன முதலாளி. நம் ஆட்களோடு மிளகாய் விற்று வாங்கிப் பழகியதில் நன்றாகவே தமிழ் பேசுவார். பத்து பெரிங்கி என்ற கடற்கரை ஊரின் ஹோட்டல்களுக்கும் அவர்தான் சரக்குப் போடுவார். ஒருநாள் தொழிற்சாலைக்கே ஃபோன் போட்டுவிட்டார்.

"அண்ணே, ஹோட்டல்ல ஒரு ஆளு தங்கியிருக்கான்லா. எல்லாக் கதவுலயும் குனிஞ்சு போறான். கிரீஸ் ஆளு. பாஸ்கெட்பால் ஆடுறவன். சின்ன ஆளு இல்ல, அவன் நாட்டுல ராஜா மாதிரி! இங்க பசங்க எங்க ஆடுவாங்கன்னு அவனே கேட்டிருக்கான். நம்ம களத்துக்குக் கொண்டாந்திருவோம். உனக்கு இங்கிலீஷ் இருக்கு, கார் இருக்கு. நீ போய்க் கூட்டியா."

அந்த ஆட்டக்காரரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய ஊரில் அது பெரிய பெயர். தவுக்கேவின் வாயில் அது நுழையவே இல்லை. எங்கள் எல்லாருக்கும் அவர் கிரீஸ்காரர்தான்.

என்னுடைய பழைய காரில் அவர் ஏறினார் என்று சொல்ல முடியாது. அதைச் சட்டை மாதிரி போட்டுக்கொண்டார். முழங்கால் இரண்டும் முன்பலகையில் முட்டின. இடது முழங்காலில் ஒரு நீளமான தழும்பு. கோணியை அவசரமாகத் தைத்தது போல இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

ஆட்டத்துக்கு நேரம் இருந்ததால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோறு சாப்பிடக் கூட்டிப்போனேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் அவரை நிமிர்ந்து பார்த்து, நிமிர்ந்ததை மறந்து அப்படியே நின்றார்கள். கடைக்காரப் பாய் கரண்டியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார்.

"என்னண்ணே, இவருக்கு மழை நமக்கு முன்னாடியே பெய்யும் போலருக்கே!"

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். கிரீஸ்காரர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. அதற்குப் பிறகுதான் பேசத் தொடங்கினார்.

கடற்கரை ஊரில் பிறந்தவராம். ஒரு கருவாட்டுக் கிடங்கின் சுவரில் யாரோ இரும்பு வளையம் ஒன்றை அடித்து வைத்திருந்தார்களாம். அதில் பந்து போட்டுப் பழகித்தான் பெரிய சங்கத்துக்குப் போனார், பிறகு நாட்டுக்காக ஆடினார். இடது காலை ஊன்றிச் சட்டென்று இடப்பக்கம் திரும்புவது அவருடைய வித்தை. காவல் நிற்கிறவன் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பந்து வளையத்துக்குள் இருக்கும். அவர் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பையை இடுக்கிக்கொண்டு அதைச் செய்து பார்ப்பார்களாம்.

"பிறகு முழங்கால் போய்விட்டது," என்றார். "அறுத்துத் தைத்தார்கள். இப்போது ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊர்க்காரர்கள் நடத்தும் சங்கம் ஒன்று ஒரு வருஷம் வந்து ஆடக் கூப்பிடுகிறது. வருகிறேனா இல்லையா என்று நாளைக்குள் சொல்ல வேண்டும். என் கால் தாங்குமா என்று எனக்குத் தெரியவில்லை."

"உங்கள் ஊரிலேயே ஆடிப் பார்த்திருக்கலாமே?"

"ஆடிப் பார்த்தேன். பயிற்சியில் பையன்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். என் படத்தை அறையில் ஒட்டிவைத்திருந்தவன் என்னை எப்படித் தடுப்பான்? அதனால்தான் என்னை யாரென்றே தெரியாத ஊர் ஒன்றில் ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். உங்கள் ஊரில் என்னை யாருக்கும் தெரியாது, இல்லையா?"

தவுக்கே என்ன செய்துகொண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

களத்தின் வாசலிலேயே பேனர் தொங்கியது. அவர் பெயரை எழுத்துப் பிழையோடு பெரிதாக எழுதியிருந்தார்கள். சிங்க நடனத்துக்கு அடிக்கும் மேளத்தை அடித்தார்கள். சர்பத், நாற்காலி, பட்டுச்சட்டை போட்ட பெரியவர்கள், தொழிற்சாலைப் பெண்கள் என்று கூட்டம். என் மனைவிகூட அக்கம்பக்கத்தாரோடு வந்து முன்வரிசையில் இடம்பிடித்திருந்தாள். கிரீஸ்காரர் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். ஆனால் சிரிப்பு முகத்தில்தான் இருந்தது. கண்கள் வேறெங்கோ போய்விட்டன.

கிரீஸ்காரர் காதில் விழாதபடி நடுவர்களையும் இரண்டு அணிகளையும் தவுக்கே ஓரமாகக் கூப்பிட்டார். கிரீஸ்காரர் எங்கள் தொழிற்சாலைப் பையன்களோடு சேர்ந்து ஆடுவது என்றும், எதிரே பினாங்கின் நல்ல ஆட்டக்காரர்கள் நிற்பது என்றும் ஏற்பாடு. எதிரணித் தலைவன் பசாரில் மீன் விற்பவன். நல்ல உயரம், இரும்புத் தோள்.

"விருந்தாளி ஜெயிக்கணும்," என்றார் தவுக்கே. "யாரும் இடிக்கக்கூடாது. பந்தைப் பிடுங்கக்கூடாது. அண்ணே, இன்னைக்கு உன் விசிலுக்கு லீவு."

இதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊரில் இதற்கு முகம் கொடுப்பது என்று பெயர். எந்த மொழிக்காரரானாலும் செய்வார்கள். வீட்டுக்கு வந்தவர் கேரம் ஆடினால் சிவப்புக் காயை அவர் பக்கமாகத் தள்ளிவிடுவோம், வேண்டாம் என்றாலும் தட்டில் இன்னொரு கரண்டி போடுவோம், அது போலத்தான் இதுவும். அதில் வஞ்சகம் ஒன்றும் கிடையாது, அத்தனையும் பிரியம். அதனால்தான் அன்றைக்கு எனக்கு அத்தனை கஷ்டமாக இருந்தது. கெட்டவர்களை எதிர்த்து விசில் ஊதுவது சுலபம், தம்பிகளே. பிரியத்தை எதிர்த்து ஊதிப் பாருங்கள்.

என்னோடு விசில் பிடித்தவர் தபால் நிலையத்து அதிகாரி. "நின்னா மட்டும் போதும்," என்று என் காதில் சொன்னார். "கல்யாண வீட்டு வாழைமரம் மாதிரி நில்லுங்க."

ஆட்டம் தொடங்கியது. கடல் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. மேகங்கள் பழுத்த பப்பாளி நிறத்தில் தாழ்வாக நின்றன. கிரீஸ்காரர் பந்தோடு வரும்போதெல்லாம் மீன்காரன் ஹோட்டல் கதவைத் திறந்துவிடும் ஆள் மாதிரி ஒதுங்கி நின்றான். பந்து விழுந்தது. கைதட்டல். மறுபடியும் விழுந்தது. மறுபடியும் கைதட்டல். கைதட்டல் கூடக்கூட அவருடைய தோள்கள் தளர்ந்துகொண்டே போனதை நான் பார்த்தேன்.

பிறகு அந்தத் திரும்பல் வந்தது.

பந்தைக் கையில் பிடித்துவிட்டால் இரண்டு அடிதான். மூன்றாவது அடி வைத்தால் பிழை, பந்து எதிரணிக்குப் போக வேண்டும். அவர் ஒரு அடி வைத்தார், இடது காலை ஊன்றினார், திரும்பினார். முழங்கால் அவரைத் தாங்கவில்லை. விழாமல் இருக்க இன்னொரு அடி வைத்தார். சின்ன அடிதான். மழைத் தண்ணீரைத் தாண்டும்போது வைப்போமே, அது போல. பந்து வளையத்துக்குள் போனது. கூட்டம் எழுந்து நின்றது. யாரும் அதைப் பார்க்கவில்லை, பார்த்தவர்களும் பார்க்கவில்லை.

ஆனால் அவர் வளையத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

நான் ஊதினேன்.

மேளம் பாதியில் நின்றது. தூரத்தில் ஃபெரி ஒன்று கூவியது கேட்டது. நான் இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் ஒன்றைச் சுற்றி ஒன்றாக உருட்டிக் காட்டினேன். அது அடிப் பிழைக்கான சைகை. அவ்வளவுதான், கூட்டம் கத்தத் தொடங்கியது. கிரீஸ்காரரோடு சேர்ந்து ஆடிய எங்கள் தொழிற்சாலைப் பையன் கணேசன் என்னிடமே ஓடிவந்துவிட்டான்.

"அண்ணே, என்னண்ணே நீங்க! அவரு யாருன்னு தெரியும்தானே? நாளைக்கு நான் ஃபேக்டரி லைன்ல எப்படி மூஞ்சியக் காட்டுவேன்?"

"உன் மூஞ்சியை யாருடா கேட்டா? போய் ஆடு."

கிரீஸ்காரர் பந்தை எடுத்துக்கொண்டு வந்து இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினார். கோயிலில் தட்டை நீட்டுவது போல.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் இடப்பக்கம் திரும்பினார். மறுபடியும் அந்தச் சின்ன அடி. மறுபடியும் விசில். இந்த முறை கூட்டத்தின் கத்தலுக்கு நடுவே என் வீட்டுக்காரியின் குரல் தனியாகக் கேட்டது. "என்னங்க, பாவங்க அந்த மனுசன்! எவ்ளோ தூரத்துலேருந்து வந்திருக்காரு!"

இடைவேளையில் தவுக்கே என்னிடம் வந்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"என் வீட்டுக்கு வந்த ஆளை என் கண்ணு முன்னாடியே அசிங்கப்படுத்திட்ட, அண்ணே. அவன் முகத்தையும் கிழிச்சே, என் முகத்தையும் கிழிச்சே. இன்னொரு தடவை ஊதுனா, இந்தக் களத்துல இனிமே நீ விசிலைத் தொட வேண்டாம்."

கிரீஸ்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

மறைக்காமல் சொன்னேன். அவர், "நான் சொல்வதை இவர்களுக்குச் சொல்லுங்கள்," என்றார். எதிரணியும் எங்கள் பையன்களும் நாற்காலிப் பெரியவர்களும் சுற்றி நின்றார்கள். நான் அவர் சொன்னதை மலாயில் சொன்னேன்.

"எனக்கு மேளம் கொடுத்தீர்கள், பேனர் கொடுத்தீர்கள், வழியும் கொடுத்தீர்கள். நான் கேட்டு வந்ததை இந்த விசில்காரர் மட்டும்தான் கொடுக்கிறார். என் கால் இன்னும் ஆடுமா என்று நாளைக்குள் நான் ஒரு ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் ஒதுங்கி நின்றால் நான் பொய்யான பதிலைச் சொல்லிவிடுவேன்." பிறகு மீன்காரன் பக்கம் திரும்பி, "என் வழியில் நில்," என்றார்.

மீன்காரன் தலையைச் சொறிந்தான். "என் அம்மா அங்க உக்காந்திருக்காங்க. விருந்தாளியை நான் இடிச்சா, வீட்டுல அம்மா என்னை இடிப்பாங்க."

எல்லாரும் சிரித்துவிட்டோம். முன்வரிசையில் விசிறியோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் சிரிக்கவில்லை. விசிறியை மடக்கி மகனை நோக்கி நீட்டி, ஹொக்கியன் சீனத்தில் ஏதோ அதட்டினார். கணேசன் எனக்குச் சொன்னான்: "நிக்கச் சொல்றாரில்ல, நில்லுடா மரமேங்கிறாங்கண்ணே."

தவுக்கே தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார். அவர் ஒப்புக்கொண்டாரா, கோபித்துக்கொண்டாரா என்று முதுகைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. விசிலை வாயில் வைத்தேன். இதுவே கடைசியானால் ஆகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பாதியில் மீன்காரன் நின்றான். ஐஸ் பெட்டி தூக்கிய தோள் அது, சுவர் மாதிரி நின்றது. கிரீஸ்காரர் இடப்பக்கம் திரும்பினார். பந்து போய்விட்டது. அடுத்த முறை இன்னும் வேகமாகத் திரும்பினார். மூன்றாவது அடி, விசில். இந்த முறை கூட்டத்தில் யாரும் கத்தவில்லை. அவர் முழங்காலில் கையை ஊன்றிக் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு ஆளைக் கப்பலேற்றிவிட்டு நிற்பவரைப் போலத் தெரிந்தார். நான் அவசரப்படுத்தவில்லை. விதிப்புத்தகத்தில் இதற்கு நேரம் ஒதுக்கியிருக்கவில்லை. நான் ஒதுக்கினேன்.

அதற்குப் பிறகு அவர் வளையத்துக்குப் போகவே இல்லை.

நடுவில் நின்றுகொண்டார். பந்து அவர் கைக்கு வரும், வந்த தடமே தெரியாமல் போய்விடும். வேறெங்கோ பார்த்தபடி வேறெங்கோ அனுப்புவார். எங்கள் தொழிற்சாலைப் பையன்களுக்கு, பந்து கைக்கு வந்த பிறகுதான் தாங்கள் நின்ற இடம் சரியான இடம் என்றே தெரிந்தது. கணேசன் ஒருமுறை பந்தைப் பிடித்துவிட்டு, இது எப்படி என் கையில் என்பது போல அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "போடுடா!" என்று நாற்காலிகளிலிருந்து எத்தனையோ மொழிகளில் கத்தினார்கள். போட்டான், விழுந்தது. களத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. இரண்டு வெளிச்சமும் கலந்த அந்த நேரத்தில் பத்துப் பேரும் தண்ணீருக்கு அடியில் நீந்துவது போல இருந்தது. ஓடிக்கொண்டே நான் ஒரு கணம் விசிலை மறந்தேன். அதற்கு அவசியமும் வரவில்லை.

மீன்காரனின் அணிதான் ஜெயித்தது. ஆட்டம் முடிந்தும் கூட்டம் போகவில்லை.

கிரீஸ்காரர் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினார். மீன்காரன் தன் வண்டியிலிருந்து ஐஸை ஒரு துண்டில் கட்டிக்கொண்டு வந்து முழங்காலில் வைத்தான். கெம்போங் மீன் வாசனை குப்பென்று அடித்தது. கிரீஸ்காரர் கண்ணை மூடி அதை இழுத்து முகர்ந்தார். "என் ஊர்க் கிடங்கு," என்றார். பிறகு என்னிடம், "அந்தத் திரும்பல் செத்து ரொம்ப நாளாகியிருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை," என்றார்.

அவரை ஹோட்டலில் விட்டபோது, "கொஞ்சம் இருங்கள்," என்று சொல்லிவிட்டு, வரவேற்பு மேசையிலிருந்தே ஆஸ்திரேலியாவுக்கு ஃபோன் பேசினார். அவர் மொழியில் நிதானமாகப் பேசினார், கேட்டார், கடைசியில் மெல்லச் சிரித்துவிட்டு வைத்தார்.

"இடப்பக்கம் திரும்ப முடியாது, ஆனால் மற்றவர்களை ஆடவைக்க முடியும், அப்படிப்பட்ட ஆள் வேண்டுமானால் வருகிறேன் என்று சொன்னேன்."

"என்ன சொன்னார்கள்?"

"போஸ்டர் அடித்துவிட்டார்களாம். அதில் நான் இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறேன்."

நான் ஊதாமல் இருந்திருந்தால் இந்த மனிதருக்கு இன்னொரு வருஷ ஆட்டம் இருந்திருக்கும். அதை அவரிடமே சொல்லிவிட்டேன்.

"அங்கேயும் ஒருவர் ஊதியிருப்பார்," என்றார் அவர். "முதல் ஆட்டத்திலேயே, என் ஊர்க்காரர்கள் எல்லாரும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கும்போது. இங்கே மீன் வாசனையில் கேட்டதே நல்லது."

வீட்டுக்குப் போனால் மனைவி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. தவுக்கேவும் பேசவில்லை. வாரக் கடைசியில் தொழிற்சாலைக்கு ஃபோன் வந்தது.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை ஆட்டம் இருக்கு. உன் விசிலுக்கு லீவு முடிஞ்சு போச்சுலா. சீக்கிரம் வா."

அந்த ஆட்டத்துக்குப் பிறகு நான் எங்கே விசிலை எடுத்தாலும், பந்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஆடுகிறவரின் முகத்தைப் பார்ப்பேன். பிழை செய்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பாமல் ஓடுகிறவர் இருப்பார். அவருக்கும் ஊதத்தான் வேண்டும். ஆனால் சிலர் திரும்பி உங்களைப் பார்ப்பார்கள். ஊரே கைதட்டும்போது அவர்கள் உங்களிடம் ஏதோ கேட்கிறார்கள். அந்த நேரத்தில் வாழைமரம் மாதிரி நிற்காதீர்கள்.

கிரீஸ்காரர் ஊர் திரும்பிய அன்று காலை, வேலைக்குப் போகிற வழிதானே என்று விமானநிலையத்தில் காரை நிறுத்தினேன். வழியனுப்ப வருகிறவர்கள் நிற்கும் மாடத்தில் நின்றேன். ராத்திரி பெய்த மழையில் ஓடுதளம் கண்ணாடியாகக் கிடந்தது. பயணிகள் வரிசையாக நடந்து போனார்கள். அவர் மட்டும் வரிசைக்கு மேலே தெரிந்தார். படிக்கட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, மாடத்தை அண்ணாந்து தேடினார். நான் கையை ஆட்டினேன்.

தோளிலிருந்த பையை இறக்கிப் பந்தைப் போல இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டார். ஒரு அடி வைத்தார். இடது காலை ஊன்றினார். மெதுவாக இடப்பக்கம் திரும்பினார். திரும்பி, தண்ணீரைத் தாண்டுவது போல மூன்றாவது அடியையும் வைத்துவிட்டு, அப்படியே நின்று என்னைப் பார்த்தார்.

என் கைகள் தாமாகவே எழுந்தன. மார்புக்கு முன்னால் ஒன்றைச் சுற்றி ஒன்றாக உருட்டினேன். பக்கத்தில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அத்தனை தூரத்திலும் அவருடைய பல் தெரிந்தது. பையை இரண்டு கைகளாலும் என் பக்கம் நீட்டிக் காட்டினார். பிறகு அதைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி, குனிந்து, அந்தச் சின்னக் கதவுக்குள் போனார்.